முகத்திற்குள் இம்பிளாண்ட் வைத்துக்கொள்ளும் முன்



"மூக்கு சப்பையாக இருக்கிறது, மோவாய் உள்ளடங்கிப் போயிருக்கிறது, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்கிறார்களே, செய்யலாமா?" என்பது முன்பு பட்டணத்துக் கேள்வியாக இருந்தது. இப்போது பொதட்டூர்பேட்டை போன்ற தறி ஊர்களிலும் இதைக் கேட்கிறார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால், அந்த வீட்டில் எத்தனை நாள் சோறு இறங்காது என்பது நமக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் வேலைக்குப் போய், இயந்திரத்திலோ நெடுஞ்சாலையிலோ அடிபட்டுக் கன்ன எலும்பு உள்ளே போய்விட்ட வாலிபனுடைய வீட்டிலும் ஏறக்குறைய இதே கேள்விதான். இவர்களில் சிலர் பணத்திற்காகச் சபையாரிடமும், உங்களைப் போன்ற உதவும் உள்ளம் கொண்டவர்களிடமும் வந்து நிற்கிறார்கள். கொடுப்பதா வேண்டாமா, கொடுத்தால் அது அந்த மனிதருக்கு நன்மையாகுமா என்று புரியாமல் தவிப்பவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும், முகத்தில் பிளாஸ்டிக்கை வைத்துத் தைப்பார்கள் என்று அநேகர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. வடிவமைத்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. குடமும் பக்கெட்டும் செய்கிற பிளாஸ்டிக் உலகத்திற்கு வரும் முன்பே இந்தப் பெயர் மருத்துவத்தில் இருந்தது. பெரும்பாலான பிளாஸ்டிக் சர்ஜரியில் நம்முடைய சொந்தத் தோல், சதை, எலும்பு, குருத்தெலும்பு ஆகியவைதான் இடம் மாற்றி வைக்கப்படுகின்றன. வெளியில் தயாரித்த ஒரு பொருளை உள்ளே வைத்து மூடினால் மட்டுமே அதை இம்பிளாண்ட் என்கிறோம். மூக்குத் தண்டை உயர்த்த, மோவாயை முன்னே கொண்டுவர, கன்னத்தை எடுப்பாகக் காட்ட இது பயன்படுகிறது. விபத்தில் உடைந்த கண்குழியின் அடித்தளத்தைத் தாங்கவும் இதே வகைப் பொருள்கள் உதவுகின்றன.

இம்பிளாண்டைப் பற்றி விளம்பரம் சொல்லாத ஒரு காரியம் உண்டு. அதை மூடியிருக்கும் தோலும் உள்சவ்வும் நன்றாக இருக்கும் வரைதான் உள்ளே இருக்கும் பொருளும் நன்றாக இருக்கும். இந்தப் பாடத்தை மருத்துவர்கள் அழகு நிலையங்களில் கற்கவில்லை. நமக்கு அருகிலுள்ள வேலூரிலும் கரிகிரியிலும், பூனாவிலும், மூக்கு அமிழ்ந்துபோன தொழுநோயாளர்களின் முகத்தில்தான் இது நம் நாட்டில் பாடமாயிற்று. அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

வேலூரில் மூக்குகள் எழுந்த கதை

டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, தசைநாண்களை இடம் மாற்றி நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை அவர் அங்கே வளர்த்தெடுத்தார். விரல்கள் நிமிர்ந்தன. ஆனால் விரல் நிமிர்ந்தவர்களுக்கும் வேலை கிடைக்கவில்லை. கையைச் சரி செய்தாலும் முகம் நோயை அறிவித்துக்கொண்டே இருந்தது. புருவம் உதிர்ந்து, மூக்குத் தண்டு அமிழ்ந்த முகத்தைக் கண்டதும் டீக்கடைக்காரர்கூட விலகி நின்ற காலம் அது. கிருமி செத்தபிறகும் முகம் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. அதனால்தான், அவசரமில்லாத அழகு வேலை என்று ஒதுக்கப்பட்டிருந்த மூக்கும் புருவமும் மிஷன் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் அறைக்குள் வந்தன. முகத்தை மாற்ற விரும்புவது எல்லாம் வீண் பெருமை என்று தீர்ப்புச் சொல்கிற நம்மவர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

தொழுநோயில் மூக்கு ஏன் அமிழ்கிறது? அந்தக் கிருமி உடலில் குளிர்ச்சியான இடங்களையே விரும்புகிறது. மூச்சுக் காற்று ஓயாமல் போய்வந்து மூக்கின் உட்புறத்தைக் குளிர்விக்கிறது. சிகிச்சை பெறாதவர்களுக்கு அங்கே சவ்வு புண்ணாகிறது, நடுத்தடுப்பான குருத்தெலும்பு கரைகிறது, எலும்பும் தேய்கிறது. புண் ஆறும்போது உள்சவ்வு சுருங்கி, மூக்கின் தோலை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

மூக்கைத் திரும்பக் கட்டும் வித்தை நம் நாட்டுக்குப் புதிதல்ல. சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய நூலில் அது சொல்லப்பட்டிருக்கிறது. 1794-ல் லண்டனில் வெளிவந்த ஒரு பத்திரிகை, ஆங்கிலேயப் படையில் மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவரின் கதையை வெளியிட்டது. திப்பு சுல்தானின் ஆட்கள் அறுத்துவிட்ட அவருடைய மூக்கை, பூனாவுக்கு அருகே ஒருவர் நெற்றித் தோலை இறக்கிப் புதிதாக அமைத்துக் கொடுத்திருந்தார். அதைப் படித்துப் பயின்ற கார்ப்யூ என்ற மருத்துவர் 1814-ல் லண்டனில் அதே முறையைச் செய்து காட்டினார்.

மூக்கு அமிழ்ந்த நோயாளருக்கும் இதே நெற்றித் தோல்தான் தேவை என்று எவருக்கும் தோன்றும். ஆனால் சர் ஹரால்ட் கில்லிஸ் வேறு விதமாகப் பார்த்தார். முதலாம் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்குச் சிகிச்சை செய்து பேர்பெற்றவர் அவர். மேகநோயால் அமிழ்ந்த மூக்குகளை ஆராய்ந்து, வெளித்தோல் குறையவே இல்லை, குறைந்திருப்பது உள்புறத்துச் சவ்வு என்று 1923-லேயே எழுதினார். தொழுநோயாளரின் மூக்கும் இதே வகையானது. கில்லிஸிடம் பயின்ற டாக்டர் என். எச். ஆன்டியா, பூனாவை அடுத்த கோந்த்வா தொழுநோய் ஆஸ்பத்திரியில் இந்த முறையைப் பயன்படுத்தினார். வேலூரிலும், 1955-ல் ஆரம்பமான கரிகிரி நிலையத்திலும் இவ்வகை அறுவை சிகிச்சைகள் நடந்தன.

செய்யும் விதம் இதுதான். மேலுதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே கீறி, உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும் தழும்பை விடுவிப்பார்கள். சுருங்கிக் கிடந்த மூக்குத் தோல் அப்போது தளர்ந்து முன்னே வரும். தொடையிலோ கையிலோ எடுத்த மெல்லிய தோலை, மெழுகு போன்ற பொருளில் செய்த அச்சின்மேல் சுற்றி உள்ளே வைப்பார்கள். அந்தத் தோல் ஒட்டிப் பிடித்துப் புதிய உள்சவ்வாக அமையும். அதற்குப் பிறகே தாங்கு கம்பம். சிலருக்கு இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துண்டை வைத்தார்கள். சிலருக்குப் பல்செட் செய்யும் பொருளில் ஒரு தாங்கியைச் செய்து கொடுத்தார்கள்.

பந்தல் போடுகிறவருக்கு இது எளிதில் விளங்கும். மேல் துணி பெரிதாக இருந்தும், உள்ளே தைத்த லைனிங் சுருங்கிவிட்டால், நீளமான கம்பத்தை நட்டுப் பிரயோஜனமில்லை. கம்பம் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். தொழுநோய் மூக்கில் உள்சவ்வைச் சரி செய்யாமல் வெளிப்பொருளை வைத்தால் அதுவேதான் நடக்கும். இன்று அழகுக்காக மூக்கில் வைக்கும் சிலிக்கோனுக்கும் இந்த விதி அப்படியே பொருந்துகிறது.

புருவத்திற்கோ இம்பிளாண்டே தேவைப்படவில்லை. தலையில் முடியுள்ள தோலில் ஒரு துண்டை, அதன் இரத்தக் குழாயோடு நெற்றித் தோலுக்கு அடியில் கொண்டுவந்து புருவ இடத்தில் பதித்தார்கள். அது தலைமுடி அல்லவா, வளர்ந்துகொண்டே இருக்கும். அடிக்கடி கத்தரிக்க வேண்டும். புருவமே இல்லாதிருந்தவர்களில் சிலர் அதைக் கத்தரிக்க மனமில்லாமல் பெருமையோடு வளர்த்துக்கொண்டார்களாம்!

நோய்க் கூட்டு மருந்து 1980-களில் வந்தபிறகு, ஆரம்பத்திலேயே சிகிச்சை பெறுகிறவர்களுக்கு மூக்கு அமிழும் நிலை அரிதாகிவிட்டது. ஆனால் முகத்தின்மேல் மனிதர் சொல்லும் தீர்ப்பு மருந்தைவிட மெதுவாகவே மாறுகிறது. தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக வைத்திருந்த சட்டப் பிரிவுகள் 2019-ல்தான் நீக்கப்பட்டன. பழைய ஊனத்தோடு வாழ்கிறவர் உங்கள் ஊரில் இருந்தால், நோய் முற்றிலும் அடங்கி, எதிர்விளைவுகள் இல்லாமல் குறைந்தது 6 மாதமாவது சென்றபின் சீரமைப்பு அறுவை சிகிச்சைக்கு வழி உண்டு என்று சொல்லுங்கள். கரிகிரியைப் போலவே, செங்கல்பட்டை அடுத்த திருமணியில் உள்ள மத்திய அரசின் தொழுநோய் நிலையமும் இப்பணியைச் செய்துவருகிறது.

உள்ளே வைப்பது எது?

இப்போது அழகுக்கான இம்பிளாண்டுக்கு வருவோம். சிலிக்கோன் வழவழப்பானது. உடல் அதனோடு ஒட்டுவதில்லை, அதைச் சுற்றி ஒரு மெல்லிய உறையைக் கட்டிக்கொள்கிறது. ஆகவே இடம் நகரக்கூடும். வேண்டாமென்றால் எடுப்பதும் எளிது. நுண்துளைகள் உள்ள பாலிஎதிலீன் என்ற பொருளில் நம் சதை துளைகளுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். அது நகராது, ஆனால் கிருமி புகுந்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு. உடைந்த எலும்பைத் தாங்குவதற்கு டைட்டானியம் தகடும் வலையும் அதிகம் பயன்படுகின்றன. சி.டி. ஸ்கேன் படத்தைக் கொண்டு ஒருவரின் முகத்திற்கென்றே அளவெடுத்துச் செய்யும் இம்பிளாண்டுகளும் இன்று உண்டு. விலைதான் அதிகம்.

சொந்த உடலிலிருந்து எடுப்பது மற்றொரு வழி. காது மடலின் குருத்தெலும்பு, விலாவின் குருத்தெலும்பு, இடுப்பெலும்பு ஆகியவை வழக்கம். இவற்றில் கிருமி தங்கும் பயம் குறைவு, தோலைத் துளைத்து வெளியே வருவதும் அரிது. ஆனால் எடுத்த இடத்தில் வலியும் தழும்பும் உண்டு. விலாக் குருத்தெலும்பு நாளடைவில் சற்று வளையக்கூடும், எலும்பு கொஞ்சம் கரையக்கூடும். குறையே இல்லாத வழி ஒன்று இருப்பதாக எந்த மருத்துவராவது சொன்னால், இன்னொரு மருத்துவரையும் பார்த்துவிடுவது நல்லது.

மூக்கில்தான் தொல்லை அதிகம். அங்கே தோல் மெல்லியது, பேசும்போதும் சிரிக்கும்போதும் அசைகிறது. விறைப்பான சிலிக்கோன் நுனி வரை வந்து தோலை அழுத்தினால், நுனி மெலிந்து, சிவந்து, பளபளக்கும். ஒரு நாள் துளைத்துக்கொண்டு வெளியே வரும். இது ஆபரேஷன் முடிந்து சில மாதத்திலும் நடக்கலாம், பல வருடம் கழித்தும் நடக்கலாம். கல்யாணத்திற்காக வைத்துக்கொண்ட பெண், பிள்ளை பெற்ற பிறகு அதை எடுக்க வேண்டிவரலாம் என்பதை வீட்டார் முன்னமே அறிந்திருக்க வேண்டும். நுனியில் சொந்தக் குருத்தெலும்பையும் தண்டில் மட்டும் இம்பிளாண்டையும் வைக்கும் மருத்துவர்கள் இதை மனதில் வைத்தே செய்கிறார்கள்.

மோவாயில் தோலும் சதையும் தடிப்பாக இருப்பதால் மூக்கைவிட நிலைமை மேல். எனினும் இம்பிளாண்ட் அழுத்தும் இடத்தில் எலும்பு சற்று தேயலாம். கீழுதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு அருகில் ஓடுகிறது, சில வாரங்கள் உதடு மரத்திருக்கலாம், சிலருக்கு அது நீங்காமலும் போகலாம். வாய்க்குள் கீறினால் வெளியே தழும்பு தெரியாது, ஆனால் வாய்க் கிருமிகள் அருகிலேயே உண்டு. மோவாயின் அடியில் கீறினால் சிறிய தழும்பு இருக்கும். கன்னத்தில் வைப்பதற்கும் கிட்டத்தட்ட இதே சங்கதிகள்தான், இரண்டு பக்கமும் ஒன்றுபோல் அமையாமல் போகும் ஆபத்து மட்டும் கூடுதல்.

மோவாய் உள்ளடங்கித் தெரிவதற்குச் சிலருக்குக் கீழ்த்தாடையே சிறியதாக இருப்பது காரணம். பற்கள் சேராது, குறட்டையும் இருக்கும். அவர்களுக்கு இம்பிளாண்ட் வெளிப்பூச்சு மாத்திரமே. தாடை எலும்பையே முன்னே நகர்த்தும் சிகிச்சை உண்டு. ஆகவே முகத் தாடை அறுவை மருத்துவரின் ஆலோசனையும் பெற வேண்டும்.

ஊசி போட்டால் போதும், கத்தி வேண்டாம் என்ற பேச்சுக்கு மயங்காதிருங்கள். 1899 முதல் ஐரோப்பாவில் பாரஃபின் மெழுகை உருக்கி முகத்தில் ஊசியால் ஏற்றினார்கள். பேரழகி என்று புகழப்பட்ட கிளாடிஸ் டீகன் என்ற பெண் தன் மூக்கைச் சிலைபோல் ஆக்க ஆசைப்பட்டு அதை ஏற்றிக்கொண்டார். மெழுகு நாளடைவில் கீழே இறங்கி முகத்தைக் கெடுத்துவிட்டது. பிற்பாடு அவர் மார்ல்பரோ பிரபுவின் மனைவியானார், முகமோ திரும்பவில்லை. இன்று திரவச் சிலிக்கோனை முகத்தில் ஏற்றுகிறவர்களும் அதே வழியில்தான் போகிறார்கள். அது கட்டிகளாகும், இடம் மாறும், முழுவதுமாக எடுக்கவும் முடியாது. நாளடைவில் கரையும் ஃபில்லர் ஊசிகள் ஒப்புக்கொள்ளப்பட்டவைதான் என்றாலும், மூக்கின் அருகே அந்த மருந்து இரத்தக் குழாய்க்குள் புகுந்துவிட்டால் கண் பார்வையே போகலாம். அழகு நிலையத்தில் செய்துகொள்ளும் காரியம் அல்ல அது.

யாரிடம், எப்போது?

எம்.எஸ். முடித்து எம்.சி.எச். பிளாஸ்டிக் சர்ஜரி பட்டமோ, அதற்கு இணையான பட்டமோ பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள். மூக்கு வேலையைத் தேர்ச்சி பெற்ற காது மூக்கு தொண்டை மருத்துவர்களும், தாடை வேலையை முகத் தாடை அறுவை மருத்துவர்களும் செய்கிறார்கள். பெயர் மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். மயக்க மருந்து கொடுக்கத் தனி மருத்துவர் இருப்பாரா, நடு இரவில் இரத்தம் கசிந்தால் யார் வருவார் என்பதும் கேட்க வேண்டியவை. "எத்தனை பேருக்கு எடுக்க வேண்டியதாயிற்று, அப்படி எடுத்தால் செலவு யாருடையது?" என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் மருத்துவரை நம்பலாம். முன்-பின் புகைப்படங்களை மாத்திரம் காட்டுகிறவரிடம் கொஞ்சம் நிதானியுங்கள். ஆபரேஷன் முடிந்த ஆறாம் மாதப் படம் எல்லாருக்கும் அழகாகத்தான் இருக்கும்.

முகம் வளர்ந்து முடியாத பிள்ளைகளுக்குக் காத்திருக்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் வராதவர், பீடி சிகரெட்டை விடாதவர், ஈறிலோ பல்லிலோ சீழ் உள்ளவர் முதலில் அவற்றைச் சரிப்படுத்த வேண்டும். புகை இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது, ஓட்டம் குறைந்த தோல் இம்பிளாண்டை மூடிக் காக்காது. காயம் பட்ட இடமெல்லாம் தடித்த தழும்பாகிற உடல்வாகு இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இருதயத்திற்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் தாமாக நிறுத்திவிடக் கூடாது, எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மற்றவர் கண்ணுக்குத் தெரியாத குறையை நாளெல்லாம் கண்ணாடியில் பார்த்து அழுகிறவர்களும் உண்டு. அது மனதைப் பற்றிய ஒரு நோய். அவர்களுக்கு ஆபரேஷன் செய்தால் குறை மூக்கிலிருந்து மோவாய்க்கு மாறுமே தவிர, அழுகை நிற்காது. நல்ல மனநல மருத்துவரிடம் கொண்டுபோவதே அவர்களுக்குச் செய்யும் உதவி. மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள் என்பதற்காக மட்டும் ஒரு பெண்ணை மேசைமேல் படுக்க வைக்கவும் கூடாது. அவளைத் தனியாக உட்கார வைத்து, உனக்கு வேண்டுமா என்று கேட்கிற ஒருவராவது வீட்டில் இருக்க வேண்டும்.

பண விஷயம். விபத்தாலும் நோயாலும் சிதைந்த முகத்திற்குச் சென்னை ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் போன்ற அரசு மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவுகள் உண்டு. கும்மிடிப்பூண்டியிலிருந்தும் பொதட்டூர்பேட்டையிலிருந்தும் போய்வரும் தூரந்தான். கண்குழி உடைந்து எல்லாம் இரண்டாகத் தெரிகிறவர் இதில் நாள் கடத்தக் கூடாது, அது அழகுக் கேள்வியே அல்ல. அழகுக்காக மட்டும் செய்வதைக் காப்பீடுகள் பொதுவாக ஏற்பதில்லை. தறிக்கு வாங்கிய கடனோடு இதற்கும் வட்டிக்கு வாங்க நினைக்கிறவருக்கு, ஆபரேஷன் செலவைப் போல இன்னொரு பங்கு கையில் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். இம்பிளாண்டை எடுக்க நேர்ந்தால், கிருமி அடங்கும் வரை சில மாதம் காத்திருந்து மறுபடி வைக்க வேண்டும். அந்த மாதங்களில் முகம் முன்பைவிட மோசமாகவும் தெரியலாம். உதவி கேட்டு வருகிறவரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது இந்த இரண்டாம் செலவைப் பற்றித்தான்.

செய்துகொண்ட பிறகு முதல் சில நாள் வீக்கமும் கன்றிப்போவதும் சகஜம். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கினாலும், காய்ச்சல் வந்தாலும், சீழ் கசிந்தாலும், தோல் வெளுத்தோ கருத்தோ போனாலும், பார்வை மங்கினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மஞ்சள் பற்று, சுண்ணாம்பு, வெந்நீர் ஒத்தடம் எதுவும் வேண்டாம். வருடங்கள் கழித்து மூக்கு நுனி சிவந்தாலும் அப்படியே. தோல் துளைபடும் முன் எடுத்துவிட்டால் தோல் தப்பும்.

இம்பிளாண்ட் வந்த பெட்டியில் அதன் பெயர், அளவு, தயாரிப்பு எண் அச்சிட்ட சீட்டு ஒட்டியிருக்கும். ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வந்ததும் அதைக் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருங்கள். பத்து வருடம் கழித்து வேறொரு ஊரில் வேறொரு மருத்துவர் அந்த முகத்தைத் திறக்க நேர்ந்தால், உள்ளே இருப்பது சிலிக்கோனா பாலிஎதிலீனா என்று அவருக்குச் சொல்ல அந்தச் சீட்டு உதவும்.